காஷ்மீர் முதல் குமரி வரை: நிதி திரட்டச் சைக்கிளில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியிலிருந்து நாங்கள் ஆறு பேர் ஸ்ரீநகருக்குப் போய், அங்கிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் வந்தோம். எங்கள் மலையில் சிக்கிள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனைக்குப் பணம் சேர்ப்பதுதான் நோக்கம். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952-ல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அது எங்கள் வீட்டுப் பிரச்சினை என்ற எண்ணத்தோடுதான் கிளம்பினோம்.

பாதை 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, சுமார் 3,700 கிலோமீட்டர். மத்தியப் பிரதேசத்தில் சியோனியைத் தாண்டி நாக்பூரை நோக்கி வரும்போது பெஞ்ச் காடு குறுக்கே வரும். விலங்குகள் அடியில் கடந்து போக, அங்கே சாலையையே தூண்கள் மேல் ஏற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் எங்களில் இளையவன் சைக்கிளை ஓரம் கட்டி உட்கார்ந்துவிட்டான். முட்டி வீங்கியிருந்தது. மூன்று நாளாகவே வலியாம், யாரிடமும் சொல்லவில்லை. ஏனடா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்னு எழுதிக் கொடுத்திருக்காங்க அண்ணா. நான் வேன்ல ஏறினா அந்தக் காசு போயிடுமே" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் முட்டியைக் கெடுத்தது நாங்கள் பணம் கேட்ட விதம். சொந்த ஆசைக்காகச் சைக்கிளில் போகிறவன் வலித்தால் நிறுத்திவிடுவான். அடுத்தவருக்காகப் போகிறவனுக்கு நிறுத்துவது குற்றமாகத் தெரியும். எனவே நிறுத்துவதற்கான இடத்தைத் திட்டத்திலேயே வைக்க வேண்டும். கீழே நான் சொல்லும் தவறுகளில் பாதி இதை மறந்ததால் வந்தவை.

பணம் கேட்பதில் வரும் தவறுகள்

முதல் தவறு, கிலோமீட்டர் கணக்கில் பணம் கேட்பது. கேட்கச் சுலபம், கொடுப்பவருக்கும் சுவாரஸ்யம். ஆனால் அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு விலை ஒட்டிவிடுகிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூடுபனி எது வந்தாலும் மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். ஒரே தொகையாகக் கேளுங்கள், கிளம்பும் முன்பே வாங்குங்கள். "யாராவது வேனில் ஏற நேர்ந்தாலும் உங்கள் பணம் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்" என்று நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் தெரிந்துகொண்டவரை, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்த இளையவனுக்குக் கிலோமீட்டர் கணக்கில் எழுதிக் கொடுத்தவர்களிடம் நாக்பூரிலிருந்து போனில் பேசியபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: முதலில் பையனை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இரண்டாவது, வசூலை நண்பர் ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்குவது. ஜிபே நம்பர் கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் நூறு பேர் கொடுத்ததை நீங்கள் மொத்தமாக மருத்துவமனையின் அறக்கட்டளைக்கு அனுப்பினால் ரசீது உங்கள் பெயருக்குத்தான் வரும். உண்மையில் கொடுத்த நூறு பேருக்கும் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது. அறக்கட்டளையின் சொந்த க்யூஆர் கோடையே நோட்டீஸில் அச்சிடுங்கள். சலுகை வேண்டுகிறவர்கள் பெயரையும் பான் எண்ணையும் நேராக அவர்களிடமே கொடுக்கட்டும்.

வரிச்சலுகையைப் பற்றிப் பேசும்போது முழுதாகச் சொல்லிவிட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்குச் சலுகை இல்லை. அரிசி, மருந்து, கம்பளி என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது, இன்று சம்பளக்காரர்கள் பலர் அந்த முறையில்தான் இருக்கிறார்கள். "வரி மிச்சமாகும் சார்" என்று அவசரமாகச் சொல்லி வாங்கிவிட்டு, பிறகு அந்த மனிதர் எதிரே வரும்போது தலை குனிய வேண்டாம்.

வெளிநாட்டு உறவினர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயில் வேலை செய்யும் மாமா தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வேறு. கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா கொடுப்பது வேறு. பின்னது சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே, அதுவும் புது தில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென வைத்திருக்கும் கணக்கில்தான், அதை வாங்க முடியும். அன்பாக அனுப்பிய பத்தாயிரம் ரூபாய் ஒரு நல்ல மருத்துவமனைக்குத் தலைவலி ஆகிவிடக் கூடாது.

மூன்றாவது, பயணச் செலவையும் நன்கொடையையும் கலப்பது. டீசல், ரூம், சாப்பாடு, ரயில் டிக்கெட் எல்லாம் நம் பாக்கெட்டிலிருந்து. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நாங்கள் புறப்படும் எட்டு மாதத்துக்கு முன்பே ஆளுக்கு மாதாமாதம் ஒரு தொகை பொதுப் பையில் போட்டு வந்தோம், சீட்டுக் கட்டுவது மாதிரி.

மலைக்காரனுக்குச் சமவெளி தெரியாது

எங்களுக்கு இருந்த பெரிய நம்பிக்கை இது: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் ஏற்றம் ஏறுகிறவனுக்குச் சமவெளி என்ன பெரிய விஷயம்? தப்பு. மலையில் இரண்டு மூன்று மணி நேரம் உயிரைக் கொடுத்து ஏறுகிறோம், அப்புறம் இறக்கத்தில் கால் சும்மா கிடக்கிறது. எழுந்து நின்று மிதிக்கிறோம், சீட்டில் உட்காரும் நேரமே குறைவு. சமவெளியில் ஆறு மணி நேரம் ஒரே சீராக உட்கார்ந்து மிதிக்க வேண்டும். நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். எதிர்க்காற்று வேறு. ஐந்தாம் நாளிலேயே உட்காரும் இடம் புண்ணாகி இரண்டு பேர் தவித்தார்கள். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் போட வேண்டும், தினமும் துவைத்து முழுதாகக் காயவைக்க வேண்டும். மூடுபனியில் துணி காயாமல் பழகிய நமக்கு ஈரத்தோடு மாட்டிக்கொள்வது சாதாரணம். புண் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதேபோல முட்டி. ஏற்றத்தில் கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதித்துப் பழகிய கால், சமவெளியிலும் அதையே செய்யும். நாள் முழுக்க அப்படி அழுத்தினால் முட்டி தாங்காது. லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றாவது வருகிற மாதிரி பழக வேண்டும். முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்ட எங்கள் தம்பியின் சீட் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. போல்ட் தளர்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் வெயில். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். குளிரில் மட்டும் பயிற்சி எடுத்துவிட்டுக் கர்னூல் வெயிலில் இறங்காதீர்கள். வார இறுதிகளில் மலையை விட்டு இறங்கி, மேட்டுப்பாளையம், அன்னூர், அவிநாசிப் பக்கம் நடுப்பகலில் மிதித்துப் பாருங்கள். எவ்வளவு வியர்க்கிறது என்று அப்போதுதான் தெரியும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரிலேயே கரையுங்கள். உப்புப் போட்ட மோர் கிடைத்தால் அதுவும் நல்லது.

இறக்கம்

இதை மலைக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சிக்கு என்று நிறைய பேர் நீலகிரிக்கு வருகிறார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். பயத்தில் வழி முழுக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக் என்றால் சூட்டில் பிடிமானம் குறைந்துவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். குஞ்சப்பனையில் நிறுத்தி ரிம்மை ஆறவிடுங்கள், ஒரு டீ குடிக்கலாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். அது பயிற்சிக்கான இடமே அல்ல. மாலை ஐந்துக்கு மேல் எந்தப் பாதையிலும் இருக்காதீர்கள். மூடுபனிக்குள்ளிருந்து காட்டெருமை திடீரென எதிரே நிற்கும்.

வண்டி, டியூப், சிம்

கூட வரும் வேன் மஞ்சள் போர்டா, மற்ற மாநிலங்களுக்கான பெர்மிட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெளி மாவட்ட வேன் நீலகிரிக்குள் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், கொடைக்கானலுக்கும் அப்படியே. எங்களுக்கு நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டி அமைந்ததால் அந்தக் கவலை இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் வேனில் ஒரு பெரிய கேன் வைத்துக்கொண்டு ஆளுக்கு இரண்டு நல்ல பாட்டில் நிரப்பிக்கொள்வதே வழி. அந்தப் பழக்கம் நாடு முழுக்க உதவியது.

விலையுயர்ந்த சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குச் சிற்றூர் பங்க்சர் கடையில் காற்றடிக்க முடியாது. இரண்டு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு பித்தளை அடாப்டர் இருந்தால் பைக்குக்குக் காற்றடிக்கிற இடத்திலேயே வேலை முடிந்துவிடும். ஆளுக்கு இரண்டு வாங்கிவையுங்கள், அது தொலைவதற்கென்றே பிறந்த பொருள். கூடவே இரண்டு டியூப், சில ஸ்போக், செயின் இணைப்பு ஒன்று. மற்றதெல்லாம் வழியில் ஏதாவது ஊரில் கிடைக்கும்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குறைந்தது இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும். காசிகுண்ட்–பனிஹால், செனானி–நஷ்ரி என்று அங்கே நீளமான சுரங்கச் சாலைகள் உண்டு, ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது கிலோமீட்டர். அவற்றுக்குள் சைக்கிளில் போக நினைக்காதீர்கள், வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள். முழுத் தூரமும் மிதித்தோம் என்று பெருமை பேச அந்த இருட்டும் புகையும் தேவையில்லை.

நாள் குறிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அக்டோபரில் கிளம்பினால் பஞ்சாபிலும் தில்லியிலும் புகைமூட்டம், தமிழ்நாடு வரும்போது வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் கடைசியில் கிளம்பினால் வடக்கே சாலையை மறைக்கும் மூடுபனி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பத்து நாளுக்கு ஒரு நாள் ஓய்வும், அதற்கு மேல் நான்கைந்து நாள் கையிருப்பும் வையுங்கள். எங்கள் திட்டத்தில் கையிருப்பே இல்லை. குமரியில் வரவேற்புக்கு நாளும் நேரமும் குறித்து நோட்டீஸ் அடித்துவிட்டோம். தம்பியின் முட்டிக்கு மேல் அந்தத் தேதியும் உட்கார்ந்திருந்தது.

நண்பர்கள்

பலமானவன் முன்னால் பறப்பான், மெதுவானவன் பின்னால் தனியாக வெறுத்துப்போவான். எல்லாக் குழுவிலும் நடப்பதுதான். மெதுவாக மிதிப்பவரை இரண்டாவது இடத்தில் விடுங்கள், வேகம் தானாக அவருக்கு ஏற்றபடி அமையும். பலமான ஒருவர் கடைசியில் வரட்டும், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஒற்றை வரிசை மட்டுமே. லாரிச் சாலையில் பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டு போகிற ஆசையை டீக்கடைக்கு ஒத்திவையுங்கள்.

நாக்பூருக்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவரும் எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்ற பதில் செல்லாது. முதல் நாள் கூச்சமாக இருந்தது. ஹைதராபாத் வருவதற்குள் கைவிரல் மரத்துப்போவது, வீட்டு ஞாபகம், ஒருவன் மேல் ஒருவனுக்கு இருந்த கோபம் எல்லாமே அந்த நேரத்தில் வெளியே வந்தது. தம்பி எட்டு நாள் வேனில் வந்தான், பெங்களூருக்கு முன் திரும்பச் சைக்கிள் ஏறினான், திண்டுக்கல்லில் இருந்து கடைசி வரை இரண்டாவது இடத்தில் அவன்தான்.

ஊர் திரும்பிய கையோடு கொடுத்தவர்கள் எல்லோருக்கும் மொத்தத் தொகை, பயணத்துக்கு நாங்கள் போட்ட சொந்தச் செலவு, மருத்துவமனையிலிருந்து வந்த பதில் மூன்றையும் எழுதி அனுப்பினோம். வரிச் சான்றிதழ் மே மாத இறுதிக்குள் மருத்துவமனையிலிருந்து நேராக வரும் என்பதையும் சேர்த்து எழுதினோம். தம்பி மிதிக்காத கிலோமீட்டர்களையும் அதில் குறித்திருந்தோம். அந்தக் கணக்குக்கு யாரும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.