பழைய மர நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் பெயின்ட் அடிக்கும் முறை

அல்சூர், மல்லேஸ்வரம் போன்ற பெங்களூரின் பழைய பகுதிகளில், மரநிலையில் அடித்த பெயின்ட் சீக்கிரமே உரிந்துவிட்டால் பெயின்டைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் அடியில் தங்கிய எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமுமே அதற்குக் காரணம். ஆகவே டப்பாவைத் திறப்பதற்கு முந்தைய வேலைக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து உப்பிவிடும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரையான உலர்ந்த நாட்களே இதற்கு ஏற்றவை.

முதலில் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் மரத்தைத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். சமையலறைக் கதவின் கைப்பிடியைச் சுற்றிய இடத்தையும், வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் இடும் நிலையின் அடிப்பகுதியையும் இரண்டு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். அங்கே விரலால் தடவினால் மெழுகுபோல் ஒரு வழுவழுப்பு தெரியும், அது முழுவதும் போகாமல் எந்த பெயின்டும் பிடிக்காது. கழுவிய பின்னும் மஞ்சள் கறை நின்றால், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை அந்த இடத்தில் மட்டும் ஒரு கை பூசுங்கள். கறை மேலே ஊறி வராது. மரக்கணுக்களுக்கும் இதுவே வழி.

அடுத்தது உப்புத்தாள் தேய்ப்பு. உரியும் இடங்களை 120 எண் தாளாலும், மற்ற இடங்களைப் பளபளப்பு மங்கும் அளவுக்கு 220 எண் தாளாலும், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி, இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே கருதி, அதை உலர்வாகத் தேய்க்காமல், வாட்டர் பேப்பரை (நனைத்தாலும் கிழியாத உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். என்95 முகக்கவசம் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப்பக்கம் வரவே கூடாது. நெருப்பால் சுட்டு உரிப்பதும் வேண்டாம்.

மரம் நன்றாகக் காய்ந்ததும் ஒரு கை வுட் பிரைமர் (பெயின்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு) அடித்து, அது உலர்ந்த பின் ஆணிக்குழிகளை மரத்துக்கான புட்டியால் நிரப்பித் தேய்த்து, அந்த இடங்களில் மீண்டும் பிரைமர் தொடுங்கள். சுவருக்குப் பூசும் வெள்ளை சிமென்ட் புட்டி, மரம் விரிந்து சுருங்கும்போது வெடித்துவிடும்.

பிறகு சுவர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவைத்து எனாமல் அடியுங்கள். பிரஷ்ஷின் மயிரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனைத்து, முதலில் காடிகளையும் பிறகு முகப்பையும் அடித்து, கடைசியில் ஒரே திசையில் லேசாக இழுத்துவிட்டால் தீற்றல் தெரியாது. கெட்டியாக ஒரு கை அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு கை அடிப்பதே மேல். வெள்ளை நிறம் வேண்டுவோர் தண்ணீரில் கரையும் எனாமலை வாங்கலாம். எண்ணெய் எனாமல் வெளிச்சம் குறைந்த அறையில் பழுப்பேறும்.

கதவின் அடிவிளிம்பை மறந்துவிடாதீர்கள். குளியலறைக் கதவு அந்த வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. கதவைக் கழற்றியாவது அங்கே பிரைமரும் எனாமலும் பூசுங்கள். எண்ணெய் எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், அவற்றை வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.