மார்க்கா பள்ளத்தாக்கு: ஒரு நாளை மிச்சம் பிடிப்பதில் தொடங்கும் தவறுகள்

இமயத்தில் முதன்முறையாகப் பல நாள் நடக்க விரும்புவோருக்கு லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு ஏற்ற இடம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது உண்மைதான். வழியில் ஊர்கள் உண்டு. அங்குள்ள வீடுகளில் தங்க இடமும் சூடான உணவும் கிடைக்கும். கயிறு கட்டி ஏற வேண்டிய பாறையோ பனிச்சரிவோ கிடையாது. ஆனால் எளிய பாதை என்ற அந்தப் பெயரே புதியவர்களை அசட்டையாக இருக்க வைக்கிறது. கோடைக்காலத்தில் அங்கே குழுக்களுடன் நடக்கும்போதெல்லாம், நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகளை இப்போது வருபவர்களும் அட்சரம் பிசகாமல் செய்வதைப் பார்க்கிறேன். புதுக் காலணியோடு வருவது, பருத்திச் சட்டை அணிவது, தொப்பியை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை மலையேற்றப் பொருள் விற்கும் எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார்.

திரும்பும் விமானத்தை வைத்துப் பயணத்தை வகுப்பது

மார்க்காவில் நான் கண்ட நெருக்கடிகளில் மிகப் பலவற்றின் வேர் மலையில் இல்லை. ஊரில் கணினியின் முன் அமர்ந்து பயணச்சீட்டு எடுத்த அந்த மாலையில்தான் இருந்தது. சனிக்கிழமை புறப்பட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்ப வேண்டும், அலுவலக விடுப்பு அவ்வளவுதான் என்று முடிவாகிவிடுகிறது. பிறகு போகவர விமானத்துக்கு உரிய நாட்களைக் கழித்து, எஞ்சியவற்றுக்குள் முழு நடையையும் திணிக்கிறார்கள். லேயில் ஓய்வெடுக்க வேண்டிய நாள் முதலில் வெட்டுப்படுகிறது. கணவாய்க்குக் கீழே கடைசியாகத் தங்கும் உயரமான இடமான நிமலிங்குக்கு முந்தைய முகாம் அடுத்ததாகப் போகிறது. நடை முடிந்த மறுநாள் காலையிலேயே விமானம் என்று இருப்பதால், பின்னால் தள்ளுவதற்கும் ஒரு நாள் கூட மிஞ்சுவதில்லை. இதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அடுத்த குழுவும் இதே கணக்கோடுதான் வந்து இறங்குகிறது. இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது.

இந்தக் கணக்கு ஏன் ஆபத்தானது என்பதற்கு மார்க்காவின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் வாழ்ந்த உடல் விமானத்தில் சில மணி நேரத்தில் அங்கே இறக்கப்படும்போது, ஒவ்வொரு மூச்சிலும் அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆனால் நடை தொடங்கும் சில்லிங், சன்ஸ்கார் ஆற்றங்கரையில், லேயைவிடத் தாழ்வாக இருக்கிறது. முதல் இரவு தங்கும் ஸ்கியூவும் லேயைவிடத் தாழ்வுதான். மார்க்கா ஊரே ஏறத்தாழ 3,700 மீட்டர்தான். ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்கள் எல்லோரும் உற்சாகமாக நடக்கிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறார்கள், உயரம் தம்மை ஒன்றும் செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உயரம் முழுவதும் அதன் பிறகுதான் வருகிறது. ஹாங்கர் ஏறத்தாழ 4,000 மீட்டர், தாச்சுங்ட்சே 4,200, நிமலிங் 4,800, அதற்கு மேல் கோங்மாரு லா கணவாய் 5,200 மீட்டருக்கு அருகில். மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விதி. ஒரு நாளை மிச்சம் பிடிப்பதற்காக ஹாங்கரிலிருந்து நேரே நிமலிங்குக்கு ஏறுபவர் 800 மீட்டர் தாண்டுகிறார். மார்க்காவிலிருந்தே ஒரே மூச்சில் போகிறவர் 1,100 மீட்டர் தாண்டுகிறார்.

நிமலிங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. காங் யாத்சே சிகரத்தின் அடியில், யாக்குகளும் ஆடுகளும் மேயும் அந்தப் பரந்த புல்வெளியிலிருந்து விரைவாகத் தாழ இறங்க வழியே கிடையாது. முன்னால் போக வேண்டுமானால் நோயாளியை முதலில் 400 மீட்டர் மேலே, கணவாய்க்கு ஏற்ற வேண்டும். பின்னால் போக வேண்டுமானால் ஹாங்கர் வரை பல மணி நேரம் நடக்க வேண்டும்.

ஒரு குழுவில் ஓர் இளைஞர் இருந்தார். ஊரில் நீண்ட தூர ஓட்டப்பந்தயங்களில் ஓடிப் பழகியவர். முதல் மூன்று நாளும் எல்லோருக்கும் முன்னால் நடந்தவர். குழுவினர் விமான நேரத்தைக் காரணம் காட்டி, தாச்சுங்ட்சேயில் தங்காமல் நிமலிங்குக்குப் போய்விடலாம் என்று பெரும்பான்மையாக முடிவெடுத்தார்கள். அன்று மாலை உணவுக் கூடாரத்தில் அவர் முன்னால் இருந்த துக்பாவைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார். நூடுல்ஸ் ஊறி உப்பி, சூப் ஆறி, மேலே கொழுப்பு படியும் வரை ஒரு வாய் கூட உள்ளே போகவில்லை. தலை வலிக்கிறதா என்று கேட்டபோது, களைப்பு மட்டுந்தான் அண்ணா என்றார். காலையிலிருந்தே தலைவலி இருந்ததையும், தன்னால் எல்லோருடைய விமானமும் தவறிவிடுமே என்று சொல்லாமல் மறைத்ததையும் பிறகுதான் அறிந்தோம். இரவில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தவர் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தபோது பக்கவாட்டில் சாய்ந்தார். தலைவிளக்கின் வெளிச்சத்தில், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து, நேர்கோட்டில் நடக்கச் சொன்னோம். சமதரையில் நான்கு அடி வைப்பதற்குள் இருமுறை கையை ஊன்றினார். மூளை வீங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. விடியும் வரை காத்திருப்பது அந்த நிலையில் கொலைக்குச் சமம். மருந்து கொடுத்து, குதிரைக்காரரை எழுப்பி, அந்த இருட்டிலேயே வந்த வழியில் இறக்கினோம். ஹாங்கரை நெருங்கியபோது அவர் பேச்சு தெளிந்தது, நடை நேரானது, பிழைத்துக்கொண்டார். குழுவில் ஒருவர் கூட அந்த விமானத்தைப் பிடிக்கவில்லை.

நோயை மறைத்த அந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். எஞ்சிய நாள் ஒன்று கையில் இருந்திருந்தால் அவர் காலையிலேயே வாய் திறந்திருப்பார். மறைக்கும்படி அவரைத் தள்ளியது அந்தப் பயணச்சீட்டு. எனவே விடுப்பைக் கணக்கிடும்போதே லேயில் குறைந்தது முழுதாக இரண்டு நாள் ஓய்வுக்கும், பள்ளத்தாக்குக்குள் ஒரு நாள் தங்கலுக்கும், இறுதியில் ஒரு நாள் வெற்றாக இருப்பதற்கும் இடம் வையுங்கள். அத்தனை விடுப்பு கிடைக்காவிட்டால் நிமலிங் வரை ஏறாதீர்கள். மார்க்கா ஊர் வரை நடந்து, அருகில் பாறை உச்சியில் நிற்கும் தேச்சா மடத்தைப் பார்த்துத் திரும்புவது நிறைவான பயணம். அதில் எந்தக் குறையும் இல்லை. லேயிலிருந்து வானிலை காரணமாக விமானங்கள் ரத்தாவதும் உண்டு என்பதால், கடைசி நாளை இறுக்கிக் கட்டியவர் எப்படியும் மாட்டிக்கொள்வார்.

ஓய்வு நாளில் லேக்கு மேலே சாலை போகும் கர்துங் லா கணவாய்க்குக் காரில் போவதும் இந்தத் தவறின் கிளைதான். வந்த மறுநாளே ஏறத்தாழ 5,360 மீட்டருக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, ஓய்வெடுத்ததாகச் சொல்பவர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். ஓய்வு என்றால் கடைத்தெரு வரை மெல்ல நடந்து திரும்புவது மட்டுமே.

வண்டி போகும் தூரம் வரை வண்டியில் போவது

முன்பு லேக்கு அருகிலுள்ள ஸ்பிதுக்கில் தொடங்கி காண்டா லா கணவாயைத் தாண்டி நடந்தே ஸ்கியூவுக்கு வந்து சேர்ந்தார்கள். சில்லிங்கில் சன்ஸ்கார் ஆற்றைக் கம்பியில் தொங்கும் பெட்டியில் கடந்த காலமும் உண்டு. இப்போது பாலம் வந்துவிட்டது, சாலையும் பள்ளத்தாக்குக்குள் நீண்டுகொண்டிருக்கிறது. சாலை வருவதை நான் எதிர்க்கவில்லை. பனிக்காலத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த ஊர்மக்களுக்கு அது உயிர்ப் பாதை. ஆனால் வண்டி மிச்சப்படுத்தும் நாட்களைப் பயணத் திட்டத்திலிருந்து அப்படியே கழித்துவிடாதீர்கள். அந்த நாட்களைத்தான் உடல் உயரத்துக்குப் பழகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

மாத்திரையை நம்பி ஏறுவது

டயமாக்ஸ் என்று அறியப்படும் அசெட்டசோலமைடு, மூச்சைக் கூட்டி, உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்துகிறது. அது நோயை மறைப்பதில்லை; ஆனால் 1,100 மீட்டர் தாவலைச் சரிக்கட்டும் வல்லமையும் அதற்கு இல்லை. சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. விரல்நுனிகள் மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வதும் அதன் இயல்பான விளைவுகள். மாத்திரையை ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்து இவற்றை அறிந்துகொண்டால் மலையில் பயம் வராது. வலிநிவாரணி வேறு வகை. அது தலைவலியை அடக்கும், காரணத்தைத் தொடாது. தலைவலிக்கு மாத்திரை போட்டால் அன்று மேலே ஏறக்கூடாது என்பதை எங்கள் குழுக்களில் மாற்றமில்லாத விதியாக வைத்திருக்கிறோம்.

ஆக்சிமீட்டர் எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது

விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி அது. எண்ணைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்.

பிற்பகலில் ஆற்றைக் கடப்பது

மார்க்கா ஆறும் அதன் கிளைகளும் பனியாறுகள் உருகுவதால் ஓடுபவை. இரவில் மேலே உறைகிறது, பகலில் வெயில் உருக்குகிறது, அந்த நீர் பள்ளத்தாக்குக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. ஆகவே காலை ஏழு மணிக்குக் கணுக்கால் நனையும் துறையில் மாலை நான்கு மணிக்குத் தொடை வரை நீர் ஓடும். நிறமும் பால் கலந்த சாம்பலாக மாறி அடியில் இருக்கும் கல்லை மறைத்துவிடும். புதியவர்கள் காலையில் சாவகாசமாகப் புறப்பட்டு, வழியில் பழைய இராணுவப் பாராசூட் துணியில் அமைந்த தேநீர்க் கூடாரங்களில் நேரம் போக்கி, நீர் கூடிய வேளையில் துறைக்கு வருகிறார்கள். பாலம் இல்லாத துறை எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே வருகிறது என்பதை முந்தைய இரவு தங்கும் வீட்டிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, அதைக் காலையில் கடக்கும்படி புறப்படுங்கள்.

கடக்கும்போது வெறுங்காலோடு இறங்கக்கூடாது. கல் வெட்டும் என்பது ஒரு காரணம். உருகிய பனிநீரில் பாதம் மரத்துப்போய் அடி எங்கே படுகிறது என்றே தெரியாமல் போவது அதைவிடப் பெரிய காரணம். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். நீர் வரும் திசையை நோக்கி நின்று, கைத்தடியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் அடியெடுத்து வையுங்கள். முழங்காலுக்கு மேல் நீர் வேகமாக ஓடினால் கடக்காதீர்கள். கரையிலேயே கூடாரம் போட்டு விடியும் வரை இருங்கள்.

மழையே பெய்யாத பகுதி என்று நம்புவது

லடாக் மழை மறைவுப் பகுதிதான். லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் 2010 ஆகஸ்டில் ஓரிரவில் பெய்த பேய்மழையும் அதோடு வந்த சேற்று வெள்ளமும் லேயிலும் சுற்றுவட்டாரத்திலும் இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றன. மரமோ புல்லோ பிடித்து நிறுத்தாத சரிவுகளில் சிறு மழையே மண்ணையும் பாறையையும் இழுத்துவரும். காய்ந்து கிடக்கிறது, சமமாக இருக்கிறது என்பதற்காக ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள்.

மருந்தையும் கம்பளிச் சட்டையையும் குதிரையில் ஏற்றிவிடுவது

குதிரைகள் உங்களோடு வரா. இவை இரண்டும் எப்போதும் உங்கள் தோளில் இருக்க வேண்டும்.

தெளிந்த நீரைக் குடிக்கலாம் என்று நினைப்பது

நிமலிங் ஓடைகள் கண்ணாடி மாதிரி இருக்கும். மேலே நூற்றுக்கணக்கான கால்நடைகள் மேய்கின்றன. அங்கே நீர் ஏறத்தாழ 84 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் கிருமி சாகாது என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டாம், நன்றாகக் கொதித்தால் போதும். அரிசிதான் அந்தச் சூட்டில் வேகாது. அதற்குக் குக்கர் தேவை.

கைபேசி இருக்கிறதே என்று இருந்துவிடுவது

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் பயன்படாது. செயற்கைக்கோள் தொலைபேசியை அரசு அனுமதியின்றி இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம், எனவே வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அதை எடுத்துவர வேண்டாம். எந்த நாளில் எந்த ஊரில் இருப்பீர்கள் என்பதை எழுதி லேயில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கணவாயோடு நடை முடிந்தது என்று எண்ணுவது

கோங்மாரு லாவில் கொடிகளுக்குக் கீழே படம் எடுத்த பிறகு பலருக்கும் மனம் லேக்குப் போய்விடுகிறது. ஆனால் அங்கிருந்து சோக்தோ வரையிலான இறக்கம் இந்தப் பாதையிலேயே கவனம் மிகுதியாக வேண்டிய பகுதி. முதலில் சரளைக்கல் சரிவு. பிறகு இருபுறமும் செம்பாறை நெருங்கும் குறுகிய இடுக்கில், ஒரே ஓடையை மீண்டும் மீண்டும் கடந்தபடி இறங்க வேண்டும். மழை வந்தால் அந்த இடுக்கில் ஒதுங்க இடம் கிடையாது. நிமலிங்கில் விடியலுக்கு முன்னரே எழுந்து, காலை ஒன்பது மணிக்குள் கணவாயைத் தாண்டிவிட்டால், நீர் கூடுவதற்குள் ஓடையைக் கடந்துவிடலாம். மேற்கே மேகம் திரண்டிருந்தால் அன்று புறப்படாமல் நிமலிங்கிலேயே தங்கிவிடுங்கள். நடை முடியும் ஷாங் சும்தோவில் வண்டியோடு காத்திருக்கும் ஓட்டுநருக்கு அப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி, காத்திருக்கும் நாளுக்கான கூலியையும் பேசி வைத்திருங்கள்.