ஒரே சட்டியில் மாட்டிறைச்சிப் பாஸ்தா: பிழையாகிப்போகும் இடங்கள்

எங்கள் ஊரில் சோற்றை இரண்டு விதமாக ஆக்குவோம். கொதிக்கிற தண்ணீரில் அரிசியைப் போட்டு, பதம் பார்த்து, கஞ்சியை வடித்துவிடுவது ஒன்று. அளந்த தண்ணீரில் வடிக்காமல் அவிய விடுவது மற்றது. முதலாவதில் தண்ணீர் கூடினால் கவலையில்லை, கூடியது கஞ்சியோடு போய்விடும். இரண்டாவதில் தண்ணீர் அளவு பிழையானால் சோறும் பிழையாகிவிடும்.

ஒரே சட்டியில் செய்கிற பாஸ்தா இந்த வடிக்காத சோற்றைப் போன்றது. வழக்கமான முறையில் 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் வைத்து, உப்புப் போட்டு அவித்து வடிப்பார்கள். அதில் உப்பின் பெரும்பகுதியும் கரைந்த மாவும் வடிகிற தண்ணீரோடு போய்விடும். இங்கே சட்டிக்குள் போட்ட எதுவும் வெளியே போவதில்லை. உப்பு, கஞ்சி, இறைச்சிக் கொழுப்பு, கருகின தூளின் கசப்பு எல்லாம் கடைசியில் கோப்பைக்கு வந்து சேரும். நான் பார்த்த பிழைகளில் முக்கால்வாசி இதை மறந்ததால் வந்தவை.

2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மாதங்களில்தான் இந்தச் சாப்பாடு எங்கள் குசினிக்குள் வந்தது. ஒரு அடுப்பு, ஒரு சட்டி, முக்கால் மணித்தியாலம். காஸ் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் நாங்கள் அதை விடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிள்ளைகள் ரியூசன் முடிந்து நனைந்து வருகிற இரவுகளில், மூடியைத் திறந்ததும் வருகிற அந்த ஆவிக்காகவே இதைச் செய்வேன்.

மாட்டிறைச்சி எல்லா வீட்டுக் குசினிக்கும் ஏறாது என்பது யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். விருந்தாட்கள் வருகிற நாளென்றால் முதலே கேட்டுவிடுங்கள். அவர்களுக்குத் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் வையுங்கள். எலும்பில்லாத ஆட்டிறைச்சியை அரைத்தும் இதே கணக்கில் செய்யலாம். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் இறைச்சிக்கடை பூட்டியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து பேருக்கு நான் எடுக்கிற அளவு இது: அரைத்த மாட்டிறைச்சி 500 கிராம், குட்டைப் பாஸ்தா 300 கிராம், நன்றாகப் பழுத்த தக்காளி 400 கிராம், சின்ன வெங்காயம் பதினைந்து, உள்ளி ஐந்தாறு பல்லு, தண்ணீர் 650 மில்லிலீற்றர். பக்கத்தில் ஒரு கிளாஸ் சுடுதண்ணீர் தயாராக இருக்கவேண்டும்.

இறைச்சி வறுபடாமல் அவிந்துபோவது

அடிக்கடி நடக்கிற பிழை இதுதான். இறைச்சியைக் கழுவி, ஈரத்தோடு முழுவதையும் ஒரே தடவையில் சட்டிக்குள் கொட்டுவார்கள். இரண்டு நிமிடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் ஊறி நிற்கும், இறைச்சி அதற்குள் கிடந்து அவியும். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 பாகை செல்சியசைத் தாண்டாது. இறைச்சி பொன்னிறமாகி அந்த வறுத்த வாசம் வருவதற்கோ 140 பாகை அளவுக்கு மேலே சூடு வேண்டும். தண்ணீர் வற்றும்வரை காத்திருந்து பிறகு வறுத்தால், அதற்குள் இறைச்சி மணல்போல உதிர்ந்து வறண்டுவிடும்.

அரைத்த இறைச்சியைக் கழுவவே வேண்டாம். கழுவினால் ருசி போகும், உள்ளே பிடித்த தண்ணீரை எந்த வடியாலும் எடுக்க முடியாது, தெறிக்கிற துளிகளோ குசினி முழுவதும் கிருமியைக் கொண்டுபோகும். கழுவாமல் மனம் கேட்காது என்றால் முழுத் துண்டாக வாங்கிக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, பிறகு கத்தியால் பொடியாகக் கொத்துங்கள். கொத்தின இறைச்சியை அரைத்ததைவிட எனக்குப் பிடிக்கும், பல்லுக்கு ஒரு வேலை இருக்கும்.

சட்டியை நன்றாகச் சூடாக்குங்கள். எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி போதும். பாதி இறைச்சியைப் போட்டு, கரண்டியால் ஒருமுறை பரப்பி அமர்த்தி, மூன்று நான்கு நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். கிளறக் கை துருதுருக்கும், பொறுங்கள். சத்தத்தைக் கேளுங்கள்: ஈரம் இருக்கும்போது களகளவென்று கொதிக்கிற சத்தம், ஈரம் போனதும் சுர்ரென்ற பொரிகிற சத்தம். அந்தச் சத்தம் மாறின பிறகுதான் புரட்டவேண்டும். எடுத்து வைத்துவிட்டு மற்றப் பாதியைப் போடுங்கள். உப்பையும் இப்போது போடவேண்டாம், அது நீரை வெளியே இழுக்கும்.

சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கண்டு பயந்து சுரண்டிக் கழுவுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். இந்தச் சாப்பாட்டின் ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது. வெங்காயமும் உள்ளியும் வதங்கினதும் தக்காளியைப் போட்டு, மர அகப்பையால் அடியை உரசினால் அந்தப் பழுப்பு முழுக்கக் கரைந்து தக்காளியோடு சேர்ந்துவிடும். கறுப்பாகிவிட்டிருந்தால் கதை வேறு. அதைக் கரைத்தால் கசப்பு முழுச் சட்டிக்கும் பரவும். சட்டியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கறிக்கு வாங்குகிற துண்டு இறைச்சியை அப்படியே போட்டுவிடுவது இன்னொரு பிழை. காலும் தோளும் வேலை செய்கிற தசை, அதில் இருக்கிற சவ்வு இளகி மென்மையாக ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் வேண்டும். பாஸ்தாவுக்குத் தேவை பன்னிரண்டு நிமிடம். துண்டு இறைச்சிதான் இருக்கிறதென்றால் பிரஷர் குக்கரின் அடியிலேயே வறுத்து, தண்ணீர் விட்டு அரை மணித்தியாலம் அவித்து, ஆவி இறங்கின பிறகு திறந்து அதே குக்கருக்குள் தக்காளியையும் பாஸ்தாவையும் போடுங்கள். இறைச்சி அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், அளந்து பாஸ்தாவுக்கு அதையே பாவியுங்கள்.

தண்ணீரும் உப்பும்

யாழ்ப்பாணத்துக் கிணறுகளை வைத்துச் சொல்லவேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. கரையோரத்திலும் தீவுகளிலும் பல கிணற்றுத் தண்ணீர் சற்று உவர். வடிக்கிற சமையலில் அது பெரிதாகத் தெரியாது. வடிக்காத சமையலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு மட்டும் சட்டியில் மிஞ்சும்.

ஒருமுறை தீவுப்பக்கம் ஊர்காவற்றுறையில் மச்சாள் வீட்டில் இதைச் செய்தேன். எங்கள் வீட்டில் போடுகிற அதே உப்பு, அதோடு ஒரு சூப் கட்டி. ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ஒரு பிள்ளை முதல் வாயோடு தண்ணீர் கேட்டது. மச்சாள் கரண்டியால் எடுத்துப் பார்த்துவிட்டு, “மச்சாள், எங்கட தண்ணியை முதலில நாக்கில வைச்சுப் பாத்திருக்கலாமெல்லே” என்றா. அவ சொன்னது முழுக்கச் சரி. அன்றைக்கு அவிச்ச உருளைக்கிழங்கும் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஓரளவு காப்பாற்றினோம்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் சமைத்தாலும் தண்ணீரை முதலில் குடித்துப் பார்ப்பேன். சூப் கட்டி போட்டால் வேறு உப்பே போடுவதில்லை. சீஸ் போடப்போகிறேன் என்றால் இன்னும் குறைப்பேன், அதற்குள்ளும் உப்பு இருக்கிறது. தண்ணீர் பாதி வற்றின பிறகு ருசி பார்த்துப் போட்டால் போதும். குறைந்தால் சேர்க்கலாம், கூடினதை எடுக்க முடியாது.

அளவுக்கு வருவோம். 300 கிராம் பாஸ்தாவுக்கு 650 மில்லிலீற்றர் என்று சொன்னேன், ஆனால் தக்காளியிலும் தண்ணீர் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மழை நாளில் வாங்குகிற பழம் நீர் நிறைந்தது, வெயில் காலத்துப் பழம் சதை நிறைந்தது. அதனால்தான் பக்கத்தில் சுடுதண்ணீர் வைக்கச் சொன்னேன். பச்சைத் தண்ணீரை இடையில் ஊற்றினால் கொதி அடங்கி, பாஸ்தா வெளியே குழைந்து நடுவில் விறைத்து நிற்கும்.

பாஸ்தா குழைந்து புக்கையாவது

முதலில் பக்கெட்டை வாசியுங்கள். டியூரம் கோதுமை ரவையில் செய்த பாஸ்தா மஞ்சள் சாயலாக இருக்கும், அவிந்தாலும் விறைப்பு நிற்கும். சாதாரண கோதுமை மாவில் செய்த மலிவு மக்கரோனி வெளிறியிருக்கும். அது சீக்கிரம் குழையும், கஞ்சியும் நிறைய விடும். பாவிக்கக்கூடாதென்று சொல்லவில்லை, எங்கள் வீட்டில் பல நாள் அதுதான். ஆனால் ஆறாவது நிமிடத்திலேயே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கத் தொடங்கவேண்டும். டியூரம் என்றால் பக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாக.

நீள ஸ்பகட்டியை இந்த முறைக்கு எடுக்கவேண்டாம். தண்ணீர் குறைவு என்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். மக்கரோனி, பென்னே, சுருள் பாஸ்தா எல்லாம் நல்லது. குழலுக்குள் இறைச்சி போய் உட்கார்ந்துகொள்ளும்.

வறுத்த இறைச்சியையும் தண்ணீரையும் தக்காளியோடு சேர்த்து, அது நன்றாகக் கொதித்த பிறகே பாஸ்தாவைப் போடுங்கள். முதல் மூன்று நிமிடம் விடாமல் கிளறவேண்டும், அப்போதுதான் மேல்மாவு கரைந்து பசையாக இருக்கும், விட்டால் அடியோடு ஒட்டும். பிறகு மிதமான நெருப்பில் மூடிவைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடி தொடக் கிளறினால் சரி. குழிவான மெல்லிய அலுமினியத் தாச்சியில் நடுவில் மட்டும் சூடு ஏறி அடிப்பிடிக்கும். அகன்ற, அடி தட்டையான, பாரமான சட்டி வேண்டும்.

சிலர் பாஸ்தாவைப் போட முதல் பச்சைத் தண்ணீரில் அலசுகிறார்கள், அரிசி கழுவிய பழக்கம். அந்த மாவுதான் சாறைத் தடிப்பாக்குகிறது. கோன்ஃப்ளவரோ கிறீமோ இல்லாமல் சாறு பாஸ்தாவில் ஒட்டிப்பிடிப்பது அதனால்தான்.

தூள்

எங்கள் வறுத்த மிளகாய்த்தூள் இல்லாமல் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் இறைச்சிக் கறிக்குப் போடுகிற அளவு போட்டால் அது மக்கரோனி போட்ட இறைச்சிக் கறி, தக்காளியின் இனிப்பு தெரியாது. இந்த அளவுக்கு ஒரு தேக்கரண்டி காணும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அரை. ஏற்கெனவே வறுத்த தூள் என்பதால் சூடான எண்ணெயில் நேரே போட்டால் நொடியில் கருகும், அதிலிருக்கிற வெந்தயமும் கசக்கும். தக்காளி கரைந்து ஈரம் வந்த பிறகு போடுங்கள்.

நான் அழுத்திச் சொல்கிற ஒரு பொருள் பெருஞ்சீரகம். அரைத் தேக்கரண்டி இடித்து வெங்காயத்தோடு வதக்குங்கள். இத்தாலியர்களும் இறைச்சியோடு அதைச் சேர்க்கிறவர்கள், அதனால் இரண்டு பக்கத்துக்கும் அது பொருந்தும். ஒரிகானோ வாங்கக் கடை கடையாக ஏறவேண்டாம், முற்றத்துக் கற்பூரவள்ளியில் இரண்டு இலையைப் பொடியாக அரிந்து கடைசியில் தூவினால் கிட்டத்தட்ட அதே வாசம் வரும். மூன்றாவது இலை போட்டால் கைமருந்து வாசம் வந்துவிடும்.

இறக்குகிற நேரம்

சாறு இன்னும் கொஞ்சம் தண்ணியாக இருக்கும்போதே அடுப்பை நிறுத்துங்கள். மூடிவைத்த ஐந்து நிமிடத்தில் பாஸ்தா மிச்சத்தை உறிஞ்சும். சட்டியில் பதமாகத் தெரியும்வரை வற்றவிட்டால் கோப்பையில் கட்டியாக விழும். சீஸ் என்றாலும் தேங்காய் முதற்பால் என்றாலும் நெருப்பை நிறுத்தின பிறகே சேர்க்கவேண்டும். கொதிக்கிற புளிப்புத் தக்காளிக்குள் விட்டால் பால் திரியும், சீஸ் உருண்டு நூலாகும். நான் அரைக் கோப்பி கப் முதற்பால் விடுவேன், இதற்குக் கிறீமைவிட அது நல்லது. தேசிக்காய் பிழிய விரும்புகிறவர்கள் தங்கள் கோப்பையில் பிழியட்டும்.

மிஞ்சினதை அலுமினியச் சட்டியில் இரவு முழுக்க வைக்கவேண்டாம், தக்காளிப் புளி உலோகத்தோடு சேர்ந்து ருசி கெடும். எங்கள் வெக்கைக்கு மேசையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடவும் கூடாது. சித்திரை, வைகாசியில் 32 பாகையைத் தாண்டின நாளென்றால் ஒரு மணித்தியாலந்தான். ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிச் சூடு தணிந்ததும் பிரிட்ஜில் வையுங்கள். காலையில் பார்த்தால் பாஸ்தா ஊதி, சாறு காணாமல் போயிருக்கும். கால் கிளாஸ் தண்ணீர் விட்டு, மூடி, முழுக்க ஆவி பறக்கும்வரை சூடாக்கினால் பழைய பதத்துக்குத் திரும்பும். எங்கள் மூத்தது அதைத்தான் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் கேட்டு வாங்கிக்கொண்டு போகும்.