சுருட்டின் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பெருவிரல் தடிமனில் ஒரு சுருட்டும் சுண்டுவிரல் தடிமனில் ஒரு சுருட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், புதிதாகப் பிடிப்பவரின் கை ஒல்லியானதைத்தான் தேடும். நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நானும் அப்படித்தான் லான்செரோ என்கிற ஒல்லியான, நீளமான சுருட்டு ஒன்றை எடுத்தேன். பத்து நிமிடத்தில் நாக்கு எரிந்தது, தலை லேசாகச் சுற்றியது. எதிரே கட்டைச் சுருட்டோடு உட்கார்ந்திருந்தவரோ சாவகாசமாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்.

தடிமன் கூடினால் காரம் கூடும் என்பதுதான் முதல் தப்புக் கணக்கு. காரம் வருவது உள்ளே வைக்கிற இலையிலிருந்து. கியூபாவில் புகையிலைச் செடியின் உச்சியில் பறிப்பது லிகேரோ. வெயிலை அதிகம் வாங்குவதால் அதில் காரம் அதிகம், மெதுவாகத்தான் எரியும். நடுவில் வருவது செக்கோ, மணத்துக்கு. அடியில் வொலாடோ, சீராக எரிவதற்கு. சுருட்டுகிறவர் எதை எவ்வளவு வைக்கிறார் என்பதில்தான் காரம் இருக்கிறது. வொலாடோ நிறைய வைத்த தடியன் சாதுவாக இருப்பான். லிகேரோ வைத்த ஒல்லி ஆளைக் கவிழ்த்துவிடும்.

பெட்டியில் 50 என்று போட்டிருப்பதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது ரிங் கேஜ். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் எத்தனை பங்கு விட்டம் என்று சொல்வது. 50 என்றால் சுமார் 20 மி.மீ.; கொஹிபா என்ற கியூபா பிராண்டின் லான்செரோவில் 38 என்பது சுமார் 15 மி.மீ.

அப்படியானால் தடிமன் எதைத்தான் மாற்றுகிறது? வெளியே சுற்றுகிற மேலிலைக்கும் உள்ளே அடைக்கிற உள்ளிலைக்கும் உள்ள விகிதத்தை. 42 ரிங்கிலிருந்து 60 ரிங்குக்குப் போனால் உள்ளே அடைபடும் புகையிலை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். சுற்றளவு ஒன்றரை மடங்குகூட ஆகாது. ஆகவே ஒல்லிச் சுருட்டில் மேலிலையின் ருசி முன்னால் வரும். தடித்ததில் உள்ளிலைக் கலவைதான் பேசும். மேலிலைக்குப் பேர்போன ஒரு சுருட்டை 60 ரிங்கில் வாங்கிவிட்டு, ‘சொன்ன ருசி எங்கே?’ என்று தேடுவது நம் தப்புதான்.

என் நாக்கு எரிந்ததற்குக் காரணம் வேகம். ஒல்லிச் சுருட்டில் எரிகிற முனை சிறியது. அடுத்தடுத்து இழுத்தால் சட்டென்று சூடேறி, ருசி போய்க் கசப்பு வரும். நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் வேண்டாம், மெல்லியதற்கு அதுகூட அதிகம். தடித்ததில் புகை கொஞ்சம் குளிர்ச்சியாக வரும், அவசரக்காரரையும் ஓரளவு மன்னிக்கும். ஆனால் பற்றவைக்கும்போது பொறுமை வேண்டும். நெருப்பைத் தள்ளிப் பிடித்து, சுருட்டை உருட்டி உருட்டி, முனை முழுக்கச் சிவக்கும்வரை வாட்ட வேண்டும். நடுவில் மட்டும் பற்றினாலோ ஒரு பக்கம் விட்டுப்போனாலோ கோணலாக எரிந்து, கடைசிவரை சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

சுருட்டின் தலையை, அதாவது வாயில் வைக்கிற முனையை, வெட்டுவதிலும் ஒரே அளவு எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. தடித்ததில் கஞ்சத்தனமாக வெட்டினால் புகை வராது. ஒல்லியில் தாராளமாக வெட்டினால் மேலிலையே பிரிந்துவிடும். நம் திருச்சி சுருட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு முனையும் திறந்தே வரும். ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம் ‘சுருட்டு’தான்.

தடித்தது என்றால் நேரம் பிடிக்கும் என்பதும் முழு உண்மை இல்லை. ரொபுஸ்டோ என்ற சுருட்டு வகை 50 ரிங், நீளம் 124 மி.மீ.; சர்ச்சில் என்ற வகை 47 ரிங், நீளம் 178 மி.மீ. தடிமன் குறைந்த சர்ச்சில்தான் அதிக நேரம் எரியும்.

புகையை உள்ளே இழுப்பதில்லையே என்று தைரியம் கொள்ளவும் வேண்டாம். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ஏறும், வாய்ப்புற்றும் அதே இடத்தில்தான் வரும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். இதில் மட்டும் தடிமன் கூடினால் ஆபத்தும் கூடும் என்ற கணக்கு சரி.

அப்புறம், மீந்ததைப் பத்திரப்படுத்துவது. ஒல்லிச் சுருட்டு சீக்கிரம் காய்ந்துவிடும். 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் வைத்தால் தப்பிக்கும். நான் அன்று பாதியில் அணைத்த லான்செரோவைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் பையில் இருந்தது வெறும் தூள்.