திரும்பும் வழியை முதலில் பாருங்கள்: ரோட்ரிக்ஸ் குடாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் மொரிஷியஸிலிருந்து ரோட்ரிக்ஸ் தீவுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் சித்தப்பா, அத்தை, பேரப்பிள்ளைகள் என்று ஒரு படையே கிளம்பிவிடும். போகிறவர்கள் அநேகமாக இரண்டு இடங்களைக் கேட்பார்கள். ஒன்று த்ரூ தார்ஜான். கிழக்குக் கரையில், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் கையகல மணல். அதுவரை சாலை கிடையாது. சேன் பிரான்சுவா பக்கமிருந்தோ கிராவியே பக்கமிருந்தோ கரையோரப் பாதையில் நடக்க வேண்டும். மற்றொன்று தெற்கு லகூனில், அதாவது பவளப் பாறைத்திட்டுக்கு உட்புறமாக உள்ள கடலில், நிற்கும் எர்மிதாஜ் என்ற குட்டித் தீவு. அதற்குப் படகுதான் வழி. இரண்டு இடங்களுக்கும் கடற்கொள்ளையர் புதைத்துவைத்த பணத்தைப் பற்றிய கதை உண்டு.

எத்தனையோ முறை உறவினர்களை அழைத்துக்கொண்டு நான் இந்த இரண்டு இடங்களுக்கும் போயிருக்கிறேன். அங்கே நடக்கும் தவறுகள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. போய்ச் சேருவதை எல்லோரும் திட்டமிடுகிறார்கள். திரும்பி வருவதை யாரும் திட்டமிடுவதில்லை.

முதலில் கடிகாரத்தைச் சொல்கிறேன். மொரிஷியஸுக்கும் ரோட்ரிக்ஸுக்கும் ஒரே நேரம்தான், ஆனால் சூரியனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ரோட்ரிக்ஸ் நமக்குக் கிழக்கே கிட்டத்தட்ட ஆறு பாகை தள்ளி இருப்பதால் போர்ட் லூயிஸைவிட அங்கே ஏறக்குறைய 24 நிமிடம் முன்னதாகவே பொழுது சாய்ந்துவிடும். ஜூன் மாதத்தில் மாலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். "நம் ஊரில் ஐந்தரை மணிக்குக்கூட வெளிச்சம் இருக்குமே" என்று மணலில் படுத்திருப்பவர்கள், மங்கிய ஒளியில் பாறை மேட்டில் ஏறி ஆடுமாடு மேயும் ஒற்றையடிப் பாதையைத் தேடுவார்கள். போனதைவிடத் திரும்ப எப்போதும் அதிக நேரம் பிடிக்கும்; கால் களைத்திருக்கும், பிள்ளைகள் அழுவார்கள். பிற்பகல் இரண்டரை மணிக்கே பையைக் கட்டுங்கள். பஸ்ஸில் வந்திருந்தால், இறங்கும்போதே டிரைவரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அங்கே பஸ் ஓட்டம் சீக்கிரமே அடங்கிவிடும்.

அடுத்தது காற்று. தென்றல் என்றாலே மென்மை என்று பாடம் படித்தவர்கள் நாம். இந்தக் கடலில் தென்கிழக்கிலிருந்து வரும் காற்று அப்படிப்பட்டதல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது விடாமல் வீசும். நம் ஆடி மாதம் சரியாக அதன் நடுவில் விழுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை நான் முழுதாக நம்பியது த்ரூ தார்ஜான் மேட்டின் விளிம்பில் நின்றபோதுதான். மேலிருந்து பார்த்தால் குடா முழுவதும் தெரியும், அதனால் எல்லோரும் அங்கேதான் படம் எடுக்க நிற்பார்கள். ஒரு கையில் போன், மறு கையில் தொப்பி, முதுகு கடலுக்கு. தயவுசெய்து விளிம்பிலிருந்து நான்கடி உள்ளே நில்லுங்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை காற்று தணியும், ஆனால் அது புயல் காலம். கிளம்பும் முன் வானிலை அறிக்கையைக் கேட்பதில் சோம்பல் கூடாது.

படகுக்கு வருகிறேன். இங்குதான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள், எங்கள் வீடும் விலக்கல்ல. ரோட்ரிக்ஸின் நிலப்பரப்பு 108 சதுர கிலோமீட்டர். சுற்றியுள்ள லகூன் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆழமில்லாதது. கடல் வற்றும்போது படகு சில வாய்க்கால்கள் வழியாக மட்டுமே போக முடியும். ஏற்றமும் வற்றமும் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்று நண்பர் திரும்பிய நேரம் இன்று உங்களுக்குப் பொருந்தாது. இதை அறிய ஒரு நல்ல கருவி நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. கோவிலில் கொடுத்த நாள்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் எந்த நாள் என்று பாருங்கள். அவற்றை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக உயரும், வற்றம் மிகத் தாழும். அந்த நாட்களில் படகுக்காரர் சொல்லும் நேரம் கல்லில் எழுதியது போல.

ஒருமுறை எர்மிதாஜில் படகுக்காரர் எங்களை இரண்டு மணிக்குக் கிளம்பச் சொன்னார். மீன் இன்னும் வெந்துகொண்டிருந்தது. சித்தப்பா அரை மணி நேரம் கேட்டார், அது ஒரு மணி நேரமாக நீண்டது. முகம் சுளிக்காமல் காத்திருந்தார் அந்த மனிதர். பாதி வழியில் படகு தரை தட்டியது. ஆண்கள் இறங்கி, முழங்கால் நீரில், பவளத்தை மிதித்துக்கொண்டு படகைத் தள்ளினோம். அத்தையும் பாட்டியும் வெயிலில் படகிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அன்று நாங்கள் மிதித்து நொறுக்கிய பவளத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் உறுத்துகிறது. இந்தக் கடலின் பாறைத்திட்டு யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை. 1691இல் இங்கே கரையிறங்கிய பிரெஞ்சு அகதி பிரான்சுவா லெகுவாவும் தோழர்களும் இரண்டு ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்தார்கள். பிறகு தாங்களே கட்டிய படகில் கிளம்பினார்கள். முதல் முயற்சியில் அந்தப் படகு இதே பாறைத்திட்டில்தான் மோதியது.

படகில் ஏறும் முன் ஆளுக்கொரு மிதவைச் சட்டை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற படகா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். "லாமேர் மொவே", கடல் சரியில்லை, என்று படகுக்காரர் தலையசைத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கூடுதலாக இருநூறு ரூபாய் தருகிறேன் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்துக்காக ஒருவர் தன் அறிவுக்கு எதிராகப் போய்விடக்கூடும்.

இனி கால்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குடாவுக்கு நடப்பது பெருந்தவறு. பாதையில் வார் அறுந்துவிடும், நீரில் அது எதையும் தடுக்காது. லகூனில் இருக்கும் கல்மீனை நம் ஊரில் லாஃப் என்பார்கள். பாசி படிந்த கல்லைப் போலவே அசையாமல் கிடக்கும். மிதித்தால் முதுகு முட்கள் நஞ்சைச் செலுத்தும், வலி பொறுக்க முடியாது. தடித்த அடிப்பாகம் உள்ள, கணுக்காலோடு இறுகும் காலணி வேண்டும். அதுவும் முழுப் பாதுகாப்பல்ல, ஆகவே எப்படி நடப்பது என்பதை லகூனில் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்கும் ரோட்ரிக்ஸ் பெண்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கையில் கம்பு இருக்கும், கண் எப்போதும் நீருக்குள் இருக்கும். கால் வைக்கும் இடத்தைப் பார்க்காமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க மாட்டார்கள்.

குத்திவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். அந்த நஞ்சு வெப்பத்தில் சிதையும் தன்மை கொண்டது. தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி தணியும். வலியில் துடிப்பவருக்குச் சூடு தெரியாது, எனவே உடன் இருப்பவர் தம் கையை விட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். தேநீருக்கு எப்படியும் ஃபிளாஸ்க் கொண்டுபோகிறோம். வெறும் வெந்நீர் நிறைத்த ஃபிளாஸ்க் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலி குறைந்தாலும் கிரேவ் கேரில் உள்ள குயின் எலிசபெத் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

நீந்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அலை உடையும் இடத்தைப் பார்த்துப் பயந்து, உடையாத இடத்தில் இறங்குவது இயல்பாகத் தோன்றும். ஆபத்து அங்கேதான். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர், ஏதோ ஒரு பள்ளம் வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்தப் பள்ளத்தில் அலை உடையாது. நீர் கருமையாக, அமைதியாகத் தெரியும். அதில் இறங்கினால் ஆளை வெளியே இழுத்துப் போய்விடும். இழுத்தால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். ரம் குடித்தவர் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கவே கூடாது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏழு கறியும் வாழையிலையும் தூக்கிக்கொண்டு த்ரூ தார்ஜானுக்கு நடந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்கள் கொண்டுபோன தண்ணீர் எட்டுப் பேருக்கு மூன்று பாட்டில். வழியில் கடை இல்லை, நிழலும் சில சவுக்கு மரங்களோடு முடிந்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கையில் பிடித்துச் சாப்பிட ஃபராத்தா ரொட்டி, கொஞ்சம் ஊறுகாய் போதும். ஏழு கறி வீட்டுத் திண்ணையில் இன்னும் ருசிக்கும். பிளாஸ்டிக் பைகளை அந்தத் தீவு 2014இலேயே தடை செய்துவிட்டது, துணிப்பை எடுத்துப் போங்கள். சங்கும் பவளமும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். 2012 முதல் ஆண்டுதோறும் சில மாதங்கள் பேய்க்கணவாய் பிடிப்பதை நிறுத்தி, தங்கள் வருமானத்தைத் தள்ளிவைத்து அந்த மக்கள் காத்த கடல் அது.

கிளம்பும் காலையில், தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம் எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பாறைக்குக் கீழே போனில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். மாலை நாலரை மணிக்கு அவர் ஒருமுறை வாசலுக்கு வந்து சாலையைப் பார்ப்பார்.