கல்லூரிக்குப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால்

24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. "தோழி வீட்டில் இருப்பாள், காலையில் வந்துவிடுவாள்" என்று யார் சொன்னாலும் சரி, அன்றைக்கே பக்கத்து ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். "எங்கள் எல்லை இல்லை" என்றால் ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்கள், அதாவது எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பப்படும் முதல் தகவல் அறிக்கை. எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி கேரளத்தில் காணாமல் போயிருந்தாலும் இங்கே குமரி மாவட்டத்தில் புகார் கொடுக்கலாம். புகார் பெற்றதற்கு மட்டும் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு நின்றுவிடாதீர்கள். எஃப்ஐஆர் நகல் இலவசம். மறுத்தால் நாகர்கோவிலில் எஸ்பிக்கு எழுத்தில் கொடுங்கள்.

அடுத்தது சிசிடிவி, இதில்தான் நிறைய வழக்குகள் கோட்டைவிடப்படுகின்றன: பழைய பதிவு மேல் புதியது ஏறி அழிந்துவிடும். அதனால் கல்லூரி வாசல், வடசேரி பஸ் ஸ்டாண்ட், வழியிலுள்ள கடைகள் எல்லாவற்றிலும் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி போலீசிடம் அன்றே எழுதிக் கொடுங்கள். போன் பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணையும் (போனின் அடையாள எண்) சேர்த்துக் கொடுங்கள். அறையைச் சுத்தம் செய்யாதீர்கள், சீப்பும் பிரஷ்ஷும் டிஎன்ஏ சோதனைக்குத் தேவைப்படலாம்.

சட்டவிரோதமாக யாரோ பிடித்து வைத்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம், அதாவது அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் மனு.

கொலை என்று தெரிந்து, ஆள் சிக்காமல் வழக்கு தூங்கினால்? விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டியது போலீசின் கடமை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 193வது பிரிவு. கேட்டு வாங்குங்கள். அப்புறம் மாநில போலீசின் சிபிசிஐடி பிரிவுக்கோ மத்திய அரசின் சிபிஐக்கோ மாற்றக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம், கொலை வழக்குக்குக் காலவரம்பு கிடையாது.