சிங்கிள் பேஸ் பட்டறையில் குமிழ் திருப்பி ஸ்பிண்டில் வேகம் மாற்றுவது: மோட்டார் தேர்வு முதல் முதல் ஓட்டம் வரை

பில்லர் டிரில்லிங் மெஷினிலோ சின்ன லேத்திலோ வேகம் மாற்ற வேண்டுமென்றால் மூடியைத் திறந்து, பெல்ட்டைத் தளர்த்தி, வேறு புல்லிக்கு மாற்றி, மறுபடி இறுக்க வேண்டும். பலர் இந்தச் சோம்பலிலேயே 6 மி.மீ. டிரில்லையும் 16 மி.மீ. டிரில்லையும் ஒரே வேகத்தில் ஓட்டி, டிரில் முனையைக் கருக்கிவிடுகிறார்கள். ஒரு த்ரீ பேஸ் மோட்டாரும் ஒரு விஎஃப்டியும் இருந்தால் குமிழைத் திருப்பியே வேகத்தை மாற்றலாம். வீட்டு 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி, வேண்டிய ஹெர்ட்ஸில் த்ரீ பேஸாகத் தருவதுதான் விஎஃப்டியின் வேலை. பட்டறையில் அதை டிரைவ் என்றே சொல்வார்கள்.

ஆனால் டிரைவ் வந்துவிட்டது என்று புல்லிகளைக் கழற்றி எறிய வேண்டாம். ஏன் என்பதைக் கணக்கோடு பார்த்துவிட்டு வேலைக்குப் போவோம்.

முதலில் வேகக் கணக்கு

ஸ்பிண்டில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதற்குச் சுருக்கமான சூத்திரம்: 318 × வெட்டு வேகம் ÷ விட்டம். வெட்டு வேகம் நிமிடத்துக்கு மீட்டரில், விட்டம் மில்லிமீட்டரில். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு மைல்டு ஸ்டீலில் 25, வார்ப்பிரும்பில் 18 முதல் 20, அலுமினியத்தில் 60க்கு மேல் என்று எடுத்துக்கொள்ளலாம். டிரில்லிங்கில் விட்டம் என்பது டிரில்லின் விட்டம். லேத்தில் அது வேலைத்துண்டின் விட்டம்.

மைல்டு ஸ்டீலில் 12 மி.மீ. டிரில்: 318 × 25 ÷ 12, ஏறத்தாழ 660 சுற்று. 50 ஹெர்ட்ஸில் 1440 சுற்று ஓடும் 1 எச்.பி. மோட்டாரை 1:1 புல்லியில் போட்டு டிரைவிலேயே வேகத்தைக் குறைத்தால் 23 ஹெர்ட்ஸில் ஓட்ட வேண்டும். இந்த மோட்டாரின் முறுக்கு விசை 5 நியூட்டன் மீட்டர். ஹெர்ட்ஸைக் குறைத்தாலும் அது 5 ஆகவே இருக்கும், அதிகமாகாது. சுற்றுக்கு 0.15 மி.மீ. இறக்கினால் 12 மி.மீ. டிரில் ஏறத்தாழ 6 முதல் 7 வரை கேட்கும். மோட்டார் திணறி நிற்கும், இல்லையென்றால் டிரைவ் டிரிப் ஆகும், அதாவது பிழை காட்டித் தானே நின்றுவிடும்.

அதே மெஷினில் 2:1 குறைப்புப் புல்லி போட்டால் மோட்டார் 46 ஹெர்ட்ஸில் ஓடும், ஸ்பிண்டிலுக்கு 10 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். டிரில் இறங்கிவிடும். டிரைவ் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரின் சக்தியும் அதே விகிதத்தில் குறைகிறது. பெல்ட் குறைத்தால் சக்தி அப்படியே இருக்க, முறுக்கு விசை ஏறுகிறது. எனவே பெரிய மாற்றத்துக்கு புல்லி, நடுவில் நயமாகச் சரிசெய்ய டிரைவ். முன்பு ஐந்து படி மாற்றிய இடத்தில் இனி இரண்டு படி போதும், அவ்வளவுதான் லாபம். அதுவே பெரிய லாபம்.

எந்த மோட்டாரை வாங்குவது

மெஷினோடு வந்த கெபாசிட்டர் மோட்டாரை டிரைவில் கோர்க்க முடியாது. வேகம் குறைந்தால் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச் மறுபடி மூடிக்கொள்ளும், ஸ்டார்ட்டிங் காயில் விடாமல் ஓடிக் கருகும். ஃபேன் ரெகுலேட்டர் போட்டுப் பார்க்கும் யோசனையும் வேண்டாம்.

டிரெட்மில் டிசி மோட்டார் மலிவாகக் கிடைக்கும். மர லேத்துக்குப் பரவாயில்லை, ஆனால் அதில் எழுதியிருக்கும் எச்.பி. தொடர்ந்து ஓட்டுவதற்கான கணக்கு அல்ல, கார்பன் பிரஷும் தேயும். 24,000 சுற்று ரவுட்டர் ஸ்பிண்டில் எஃகில் டிரில் போட உதவாது. 2.2 கிலோவாட் என்று பெரிதாக எழுதியிருந்தாலும் முழு வேகத்தில் அதன் முறுக்கு விசை 0.9 நியூட்டன் மீட்டர்கூட இல்லை. அது மரத்துக்கும் செதுக்கு வேலைக்கும் உரியது. அப்படி ஒன்று கையில் இருந்தால் டிரைவில் பேஸ் ஹெர்ட்ஸை (base, மோட்டாருக்கு முழு வோல்டேஜ் போகும் ஹெர்ட்ஸ்) 400 என்று வைக்காமல் ஓட்டவே கூடாது. 50இல் விட்டால் காயில் கருகிவிடும்.

ஆக, நமக்கு வேண்டியது 4 போல் (50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1440 சுற்று ஓடும்) த்ரீ பேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். பழைய மோட்டார் எத்தனை எச்.பி.யோ அதே எச்.பி. வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, வோல்டேஜ். சிங்கிள் பேஸ் டிரைவ் வெளியே தருவது 230 வோல்ட் த்ரீ பேஸ். இங்கே கடையில் கிடைக்கும் 1 எச்.பி., 2 எச்.பி. மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட் ஸ்டார் இணைப்பு, அதாவது மூன்று காயில்களின் ஒரு பக்க முனைகள் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும். அதையே காயில்கள் முக்கோணமாகச் சேரும் டெல்டாவாக மாற்றினால் 240 வோல்ட் மோட்டார் ஆகிவிடும். அதற்கு டெர்மினல் பாக்ஸில் ஆறு முனைகள் இருக்க வேண்டும். மூன்று வயர் மட்டும் வெளியே வந்தால் ஸ்டார் முனை உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ரீவைண்டிங் கடையில் கொடுத்து ஆறு வயராகப் பிரித்து வாங்கலாம். நேம் பிளேட்டில் 415 வோல்ட் டெல்டா என்று இருந்தால் வேறு மோட்டார் தேடுங்கள். 3 எச்.பி.யிலிருந்து இப்படித்தான் அதிகம் வரும்.

இரண்டு, ஷாஃப்ட். 1 எச்.பி. 4 போல் த்ரீ பேஸ் மோட்டார் 80 ஃபிரேம் (உடல் அளவு எண்), ஷாஃப்ட் 19 மி.மீ. அதே எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் பல சமயம் 90 ஃபிரேம், ஷாஃப்ட் 24 மி.மீ. பழைய புல்லி லூசாக இருக்கும், கால் துளைகளும் ஒத்துப்போகாது. புஷ்ஷும் அடித்தட்டும் செய்ய நேரம் ஒதுக்குங்கள்.

மூன்று, முழுதும் மூடிய உடல். இரும்புத்தூள் பறக்கும் இடத்தில் திறந்த மோட்டார் கூடாது.

டிரைவ்

மோட்டாரின் ஆம்ப்பைப் பார்த்து வாங்குங்கள், எச்.பி.யை மட்டும் பார்த்து அல்ல. நேம் பிளேட்டில் ஸ்டாரில் 1.8 ஆம்ப் என்று இருந்தால் டெல்டாவில் அது 1.8 × 1.73, அதாவது 3.1 ஆம்ப். 0.75 கிலோவாட் டிரைவ் இதற்குப் போதும். சிங்கிள் பேஸ் பக்கம் அது முழுச் சுமையில் 8 முதல் 9 ஆம்ப் இழுக்கும். 16 ஆம்ப் சி வகை எம்சிபி, 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர் போடுங்கள். 2 எச்.பி. என்றால் 15 ஆம்ப் அளவுக்குப் போகும். அதை பிளக் சாக்கெட்டில் சொருகாமல் தனி லைன் இழுப்பது நல்லது.

இணைக்கும் வரிசை

மெயின் வயரிங் பழக்கமில்லை என்றால் இந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

1. எம்சிபியை ஆஃப் செய்து, டெஸ்டரால் சரிபாருங்கள். ஏற்கெனவே ஓடிய டிரைவ் என்றால் ஆஃப் செய்தபின் பத்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

2. மோட்டார் டெர்மினல் பாக்ஸில் யு2, வி2, டபிள்யு2 மூன்றையும் குறுக்காக இணைத்திருக்கும் பட்டைகளைக் கழற்றுங்கள். யு1–டபிள்யு2, வி1–யு2, டபிள்யு1–வி2 என்று மூன்று பட்டைகளையும் நெடுக்காகப் போட்டால் டெல்டா.

3. மெயின் வயர் டிரைவின் உள்ளீட்டு முனைகளுக்கு, மோட்டார் வயர் யு, வி, டபிள்யு முனைகளுக்கு. மாற்றிக் கொடுத்தால் ஸ்விட்ச் போட்ட நொடியில் டிரைவ் போய்விடும். இரண்டு முறை பார்த்துவிட்டு மூடியை மூடுங்கள்.

4. டிரைவிலிருந்து மோட்டாருக்கு ஷீல்டு உள்ள நாலு கோர் கேபிள், 1.5 சதுர மி.மீ. ஷீல்டையும் எர்த் கோரையும் இரு முனையிலும் எர்த்தில் சேருங்கள். மெஷின் உடலுக்கும் எர்த் வேண்டும்.

5. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் எந்த ஸ்விட்சும் கூடாது. லேத்தில் இருக்கும் ஃபார்வர்ட்–ரிவர்ஸ் டிரம் ஸ்விட்சைப் பழைய இடத்திலேயே விட்டு ஓடும்போது திருப்பினால் டிரைவின் உள்ளே டிரான்சிஸ்டர் வெடிக்கும். அந்த ஸ்விட்சின் காண்டாக்ட்டை டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்குக் கொண்டுபோங்கள், அங்கே சின்ன வோல்ட்தான் ஓடும். வேகத்துக்கு 5 அல்லது 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள்.

6. ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டும் அழுத்தி விடும் பொத்தான்களாக, மூன்று வயர் முறையில் இருக்கட்டும். நிலையாக நிற்கும் ஸ்விட்ச் போட்டால் கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மெஷின் தானே ஓட ஆரம்பிக்கலாம். நீங்கள் அப்போது சக்கில் சாவியைச் செருகிக்கொண்டிருக்கலாம். மின்தடை சகஜமான ஊரில் இந்த ஒரு விஷயத்தில் சலுகையே கிடையாது. மின்சாரம் வந்ததும் தானாக ஓடுவதைத் தடுக்கும் அமைப்பு பல டிரைவ்களில் உண்டு, அதையும் போடுங்கள். சிவப்புக் காளான் பொத்தான் ஒன்று அவசரத்துக்கு. சக், டிரில் மாற்றும்போது எம்சிபியை ஆஃப் செய்வது அதற்கும் மேல்.

பாராமீட்டர்கள்

எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெயர்கள் ஏறத்தாழ ஒன்றுதான். பேஸ் ஹெர்ட்ஸ் 50, மோட்டார் வோல்டேஜ் 230, மோட்டார் ஆம்ப் 3.1, சுற்று நேம் பிளேட்டில் உள்ளபடி. ஆம்ப்பைச் சரியாகப் போடாவிட்டால் ஓவர்லோடு பாதுகாப்பு வேலை செய்யாது. அதிகபட்ச ஹெர்ட்ஸ் 75இல் நிறுத்துங்கள். 50க்கு மேல் முறுக்கு விசை இறங்கிக்கொண்டே போகும். லேத்தில் சக்கில் எழுதியிருக்கும் உச்ச வேகத்தையும் தாண்டக்கூடாது. குறைந்தபட்சம் 15 வைக்கலாம், ஆனால் 20–25க்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் மோட்டார் சூடாகும். அதன் விசிறி அதே ஷாஃப்ட்டில் இருப்பதால் மெதுவாகச் சுற்றும்போது காற்றே வராது. தனி விசிறி ஒன்றைப் பின்னால் பொருத்தினால் இந்தக் கவலை தீரும்.

வேகம் ஏறும் நேரம் 2 முதல் 3 நொடி. நிற்கும் நேரம் டிரில்லிங் மெஷினுக்கு 2, பெரிய சக் உள்ள லேத்துக்கு 4 முதல் 5. ஸ்பிண்டில் மூக்கில் மரையிட்டு ஏற்றும் சக் என்றால் இன்னும் நிதானமாக நிறுத்துங்கள். திடீரென நிறுத்தினாலோ ரிவர்ஸில் எடுத்தாலோ சக் கழன்று உங்கள் மடியில் வந்து விழும். அந்த வகை லேத்தில் ரிவர்ஸைப் பூட்டிவைப்பதே சரி.

டிரைவின் கன்ட்ரோல் முறைகளில் சென்சர்லெஸ் வெக்டர் இருந்தால் அதைத் தேர்ந்து, பெல்ட்டைக் கழற்றி ஆட்டோ டியூனிங் (டிரைவே மோட்டாரை அளந்து தன்னைப் பொருத்திக்கொள்வது) செய்யுங்கள். குறைந்த வேகத்தில் இழுவை தெளிவாகக் கூடும்.

முதல் ஓட்டம்

பெல்ட் இல்லாமல் 5 ஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். திசை தவறாக இருந்தால் யு, வி, டபிள்யுவில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும். பிறகு 50க்குக் கொண்டுபோய் டிரைவின் திரையில் ஆம்ப் பாருங்கள். சுமையில்லாமல் நேம் பிளேட் ஆம்ப்பில் பாதி, கொஞ்சம் கூட இருக்கலாம். முழு ஆம்ப்பைத் தொட்டால் டெல்டா இணைப்பில் கோளாறு. டிரைவின் வெளியீட்டைச் சாதாரண மல்டிமீட்டரில் அளந்து குழம்ப வேண்டாம், அது தரும் எண் நம்பத்தக்கதல்ல.

டிரிப் ஆனால்

நிற்கும்போது ஓவர் வோல்டேஜ் என்று வந்தால் சக்கின் வேகம் மோட்டாரை ஜெனரேட்டராக்கித் திருப்பித் தள்ளுகிறது. நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள். வேகமாக நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பிரேக் ரெசிஸ்டர் தேவை. கிளம்பும்போது ஓவர் கரண்ட் வந்தால் ஏறும் நேரத்தை நீட்டுங்கள், பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எர்த் ஃபால்ட் என்றால் கேபிளை முதலில் சந்தேகியுங்கள்.

எர்த் கசிவைக் கண்டால் லைனை வெட்டும் ஆர்சிசிபி காரணமின்றி விழுவதாகத் தோன்றினால் அதைக் கழற்றிவிடாதீர்கள். டிரைவின் ஃபில்டர் எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டை விடும், ஏசி வகை ஆர்சிசிபி இதற்கு ஏற்றதல்ல. டிரைவின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையை அந்த லைனுக்கு மட்டும் தனியாகப் போடுங்கள்.

மோட்டார் கீச்சென்று கத்தினால் கேரியர் ஃப்ரீக்வன்சியை (டிரைவின் டிரான்சிஸ்டர்கள் ஆன்–ஆஃப் ஆகும் வேகம்) 8 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள், டிரைவ் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். எதுவும் மாற்றாமலே சில மாதங்களில் டிரைவ் செத்துப்போனால் பெரும்பாலும் இரும்புத்தூள்தான் காரணம். கிரைண்டர் பக்கத்தில் மாட்டாதீர்கள். நிமிர்த்தி, மேலும் கீழும் 10 செ.மீ. இடம் விட்டு, ஃபில்டர் வைத்த பெட்டிக்குள் பொருத்துங்கள். கேபிள் நுழையும் துளைகளையும் அடையுங்கள். கதகதப்பைத் தேடி உள்ளே போகும் பல்லி, போர்டின் குறுக்கே கால் வைத்தால் அந்த டிரைவின் கதை முடிந்தது.